சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எழுத்து: ஹட்டனில் ஒரு கிட்டார் வகுப்பு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஒரு கிட்டார் வகுப்பு நடைபெறுகிறது. அங்கு பன்னிரண்டு வாரங்கள் சென்று படித்திருக்கிறேன். வகுப்பை நடத்துபவர் பெயர்ப்பலகை வைக்காதவர். தம்முடைய பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று என்னிடமும் கேட்டுக்கொண்டார். ஆகவே மாணவர்கள் அழைப்பதைப் போலவே அவரை மாஸ்டர் என்று குறிப்பிடுகிறேன். இந்த வகுப்பைப் பற்றி எழுத விரும்பியதற்குக் காரணம் ஒன்றுதான். பலரும் 'அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடும் ஸ்லாஷ் கோர்ட்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதி கோர்ட்; அதன் பெயரை 'ஜி/பி' என்று சாய்கோட்டுடன் எழுதினால் அது ஸ்லாஷ் கோர்ட்) இவர் தொடக்க நிலை மாணவர்களுக்கே, காதில் தொடங்கி விரலில் முடியும் வகையில் கற்பிக்கிறார்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தின் பாடகர் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார் வாசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கைத்தொலைபேசியில் காணொளிகளைப் பார்த்து நானாகவே பழகியது அது. சி, ஜி, டி, ஈ மைனர், ஏ மைனர் ஆகிய கோர்ட்டுகளைத் தடுமாறாமல் மாற்றி வாசிக்க ஓராண்டு பிடித்தது. பாடற்பிரதிகளில் 'ஜி/பி', 'டி/எஃப் ஷார்ப்' என்று வரும் இடங்களில் மட்டும் எனக்கு எப்போதும் குழப்பம் இருந்தது. அரசாங்கப் படிவங்களில் 'ஆம்/இல்லை' என்று அச்சிட்டு, பொருத்தமற்றதை வெட்டிவிடுமாறு கேட்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஜி அல்லது பி என்ற இரண்டில் ஒன்றை வாசித்தால் போதும் என்றே அந்தச் சாய்கோடு பொருள்பட்டது. பி கோர்ட் விரலுக்குக் கடினமாக இருந்ததால் எப்போதும் ஜியையே வாசித்தேன். கேட்டுப் பார்த்த இரண்டொருவரும், கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டாலும் பாட்டு கெடாது என்றே சொன்னார்கள்.

பாட்டு கெடாது என்பது உண்மைதான். ஆனால் அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதை முதல் வகுப்பிலேயே மாஸ்டர் வாசித்துக் காட்டினார். முதலில் சி, ஜி, ஏ மைனர், ஏ மைனர், எஃப் என்று வாசித்தார். பிறகு அதே வேகத்தில் சி, ஜி/பி, ஏ மைனர், ஏ மைனர்/ஜி, எஃப் என்று வாசித்தார். "ரெண்டாவது தடவ அடியில என்ன நடந்துச்சு, டீச்சர்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், "படியில எறங்குது மாஸ்டர்" என்றான். அந்தப் பையன் சொன்னதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. முதல் முறையில் அடிச்சுரம், அதாவது மிகத் தாழ்ந்து ஒலிக்கும் சுரம், சியிலிருந்து ஜிக்குக் குதிக்கிறது, உடனே ஏக்கு ஏறுகிறது, அங்கேயே நின்றுவிட்டு மீண்டும் எஃபுக்கு விழுகிறது. இரண்டாவது முறையில் சி, பி, ஏ, ஜி, எஃப் என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறது. நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸிலிருந்து 123, 110, 98, 87 என்று சீராகக் குறைந்துகொண்டே வருகிறது. தேயிலை மலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் கற்படிகளைக் காலால் அறிந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கோட்டுக்கு முன்னால் இருப்பது கோர்ட். கோட்டுக்குப் பின்னால் இருப்பது அந்தக் கோர்ட்டின் மிகத் தாழ்ந்த ஒலியாக நிற்க வேண்டிய ஒற்றைச் சுரம். ஜி/பி என்றால் ஜி மேஜர் கோர்ட்டை வாசித்து, அதன் அடியில் பி என்ற சுரம் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதே பொருள். பி கோர்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஜி கோர்ட் என்பது ஜி, பி, டி என்ற மூன்று சுரங்களின் சேர்க்கை ஆதலால் பி ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பதுதான். அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுகிறோம், அவ்வளவே. டி/எஃப் ஷார்ப், சி/ஈ, சி/ஜி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. கோர்ட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு சுரம் அடியில் வந்து நிற்கும் வகையும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறியும் பழக்கத்தை இரண்டாம் வாரத்திலேயே ஏற்படுத்தியது மாஸ்டரின் பெரிய பலம் என்பேன். ஒவ்வொரு ஸ்லாஷ் கோர்ட் வரும்போதும், 'இது வீட்டுக்காரரா, விருந்தாளியா?' என்று அவர் கேட்பார். கோர்ட்டின் மூன்று சுரங்களையும் வாயால் சொல்லிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களும் நாங்கள் ஒரு முழுக் கோர்ட்டைக்கூட வாசிக்கவில்லை. தடித்த மூன்று தந்திகளில் ஒற்றைச் சுரமாக அந்தப் படிகளை மட்டும் வாசித்தோம். வாசித்தபடியே வாயாலும் பாடினோம். பெற்றோர் சிலருக்கு இதில் பொறுமை இல்லை. இரண்டு வாரமாகப் பிள்ளை ஒரு பாட்டும் வாசிக்கவில்லையே என்று ஒரு தாய் வாசலில் நின்று கேட்டதையும் பார்த்தேன். என் மதிப்பீட்டில் இந்த வகுப்பின் மிகச் சிறந்த நான்கு மணி நேரம் அதுதான். அடிச்சுரம் எங்கே போகிறது என்று காது எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகு, விரல் தவறான தந்தியைத் தொட்டால் நமக்கே உடனே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் ஆசிரியர் நின்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வாரத்தில் ஜி/பி வந்தது. தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுவார்கள், ஆறாவதே மிகத் தடித்தது; கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டமே ஃபிரெட். நடுவிரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில். நான்காம், மூன்றாம், இரண்டாம் தந்திகள் திறந்தபடி. சுண்டு விரலோ மோதிர விரலோ முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில். இரண்டே விரல்கள்தான். ஆயினும் இதிலுள்ள சிரமம் அழுத்துவதில் இல்லை, அடக்குவதில் இருக்கிறது. ஆறாம் தந்தி திறந்தபடி ஒலித்துவிட்டால் பிக்குக் கீழே ஈ என்ற சுரம் புகுந்து, நாம் கட்டிய படியை உடைத்துவிடும். ஆகவே ஐந்தாம் தந்தியை அழுத்தும் அதே விரலின் நுனி ஆறாம் தந்தியை இலேசாக உரசி, அது ஒலிக்காமல் செய்ய வேண்டும். நகம் சற்று நீண்டிருந்தாலும் இது நடக்காது. காணொளிகளில் இந்த விரல்நுனி வேலையை நான் ஒருபோதும் கவனித்ததில்லை. கமரா கைக்கு முன்னால் இருக்கும், இந்த உரசல் விரலுக்கு மறுபுறத்தில் நடக்கும். மாஸ்டர் என் பக்கத்தில் அமர்ந்து, ஆறாம் தந்தியை மட்டும் தனியாகத் தட்டச் சொல்லி, அது மரத்தைத் தட்டியது போல் ஒலிக்கும் வரை விரலின் கோணத்தை மாற்றச் சொன்னார். நான்கைந்து நிமிடங்களில் கை அதைப் பிடித்துக்கொண்டது. நேரில் சென்று படிப்பதற்குக் கொடுக்கும் பணம் இத்தகைய நிமிடங்களுக்கே என்று நினைக்கிறேன்.

டி/எஃப் ஷார்ப் விடயத்தில் எனக்கு மாஸ்டரிடம் மாறுபாடு உண்டு. வழக்கமான டி கோர்ட்டைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டை அழுத்துவதே அவர் கற்பித்த முறை. நீண்ட விரல்கள் உள்ளவர்களுக்கு அது அழகாக வருகிறது. வகுப்பில் பாதிப்பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். என் கையும் சிறியது. இரண்டு வாரங்கள் முயன்றும் மணிக்கட்டு வலித்ததே தவிர, சுரம் தெளிவாக வரவில்லை. நான் கேட்ட பிறகுதான் மாற்று வழியைக் காட்டினார்: ஆட்காட்டி விரலை ஆறாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் வைத்து, நடுவிரலை மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் மோதிர விரலை இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலும் வைத்து, முதல் தந்தியை வாசிக்காமல் விட்டுவிடுவது. திறந்த ஐந்தாம் தந்தி ஒலித்தாலும் கேடில்லை, ஏனெனில் ஏ என்பது டி கோர்ட்டுக்குச் சொந்தமான சுரம்தான். இந்த வடிவத்தில் எஃப் ஷார்ப் அடியில் ஒரு முறை மட்டுமே வருவதால், எனக்கு அது கட்டைவிரல் முறையைவிடத் தெளிவாகவே கேட்கிறது. இதை முதல் நாளிலேயே சிறிய கைகளுக்கு உரிய வழியாகக் கற்பித்திருக்க வேண்டும். வலி தாங்காமல் ஒரு மாணவி அந்த வாரத்தோடு நின்றுவிட்டாள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வகுப்பின் மிகச் செழுமையான பாடம் ஏ மைனர்/ஜி. ஏ மைனரைப் பிடித்தபடியே சுண்டு விரலை ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்கு நீட்டுவது ஒரு முறை. தொடக்கநிலைக் கைக்கு அந்த நீட்டல் எளிதன்று. அதனால் பலர் மூன்றாம் தந்தியில் இருக்கும் மோதிர விரலை எடுத்து ஆறாம் தந்திக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது மூன்றாம் தந்தி திறந்து ஜி ஒலிக்கும். ஐந்தாம் தந்தி திறந்து ஏ ஒலித்தால் அது ஏ மைனரோடு ஜியும் சேர்ந்த ஏ மைனர் செவன்த்/ஜி ஆகும், பாட்டுக்கும் பொருந்தும். ஆனால் மோதிர விரல் சற்றே சாய்ந்து ஐந்தாம் தந்தியைத் தொட்டு அடக்கிவிட்டால் என்ன ஆகிறது என்று மாஸ்டர் கரும்பலகையில் சுரங்களை எழுதச் சொன்னார். ஆறாம் தந்தியில் ஜி, நான்காவதில் ஈ, மூன்றாவதில் ஜி, இரண்டாவதில் சி, முதலாவதில் ஈ. ஏ எங்கே போனது? சி, ஈ, ஜி என்பது சி மேஜர் அல்லவா? ஒரு தந்தி அடங்கியதால் சோகமான ஏ மைனர் போய், சி/ஜி என்ற வேறு கோர்ட் வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டில் நான் வாசிக்கும்போது சில நாட்களில் அந்த இடம் சரியாகவும் சில நாட்களில் வெளிச்சமாகவும் கேட்டதற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது. விரல் வடிவத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் இந்தப் பிழையை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

எஃப் கோர்ட் வரும்போது இந்தப் பாடத்திட்டத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. ஆட்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் முழு எஃப் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கடினம் என்பதால், மெல்லிய நான்கு தந்திகளில் பிடிக்கும் சிறிய எஃபை மாஸ்டர் அனுமதிக்கிறார். அதில் அடிச்சுரம் நான்காம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் எஃப். அது 175 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் ஒலிப்பது. சியிலிருந்து ஜி வரை படிப்படியாக இறங்கி வந்த பாதை, கடைசிப் படியில் ஒரு மாடி மேலே தாவிவிடுகிறது. இரண்டு வாரங்கள் எங்கள் காதைப் பழக்கிய அதே மனிதர் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பத்தாம் வாரத்தில் கேட்டபோது, எஃபுக்குப் பதிலாக டி/எஃப் ஷார்ப்பில் இறங்கி ஜிக்குப் போகும் வேறொரு தொடரைக் கொடுத்தார்: சி, ஜி/பி, ஏ மைனர், ஏ மைனர்/ஜி, டி/எஃப் ஷார்ப், ஜி. அது கைக்கும் எளிது, காதுக்கும் நிறைவு. ஆனால் அது வேறு பாட்டுக்கு உரிய தொடர். எஃப் வர வேண்டிய பாட்டில் எஃப்தான் வர வேண்டும்.

விருந்தாளிச் சுரங்களை விளக்க அவர் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கோவில் பஜனையில் வைக்கும் சுருதிப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, டியை இடைவிடாமல் ஒலிக்கச் செய்தார். அதன்மேல் டி, ஜி/டி, ஏ/டி, மீண்டும் டி என்று வாசிக்கச் செய்தார். மூன்றுக்கும் திறந்த நான்காம் தந்தியே அடிச்சுரம். ஐந்தாம், ஆறாம் தந்திகளைத் தொடவே கூடாது. ஜி/டிக்கு முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் ஒரே விரல் போதும். ஏ/டிக்கு மூன்றாம், இரண்டாம் தந்திகளின் இரண்டாம் ஃபிரெட்டில் இரண்டு விரல்கள். டி என்பது ஜி கோர்ட்டுக்குச் சொந்தம், ஏ கோர்ட்டுக்குச் சொந்தமில்லை; ஏ/டி ஒலிக்கும்போது ஓர் இழுவிசை பிறந்து, டிக்குத் திரும்பியதும் தணிவதை எல்லோராலும் கேட்க முடிந்தது. சுருதி அசையாமல் நிற்க மேலே இசை நகர்வது நமக்கு அந்நியமானதன்று. அதையே மேலைநாட்டுக் கோர்ட்டுகளுக்குள் கேட்கக் கிடைத்தபோது, பக்கத்தில் இருந்த பஜனைக் குழுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

பைலா ஆட்டப்பாட்டுத் தாளத்துக்குத் தந்திகளை மீட்டும் ஸ்ட்ரமிங், கழுத்தில் கவ்வும் கப்போவைப் பொருத்துவது, தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கைப் பிடிப்பது ஆகியவையும் நடுநடுவே கற்பிக்கப்பட்டன. அவை பிற வகுப்புகளில் கிடைப்பவற்றைவிடச் சிறப்பாகவோ குறைவாகவோ இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓர் அறையில் பதினான்கு பேர் என்பது இந்தப் பாடத்துக்கு அதிகம். பதினான்கு கிட்டார்களையும் சுருதி சேர்ப்பதற்கே ஒவ்வொரு வாரமும் கால் மணி நேரம் போய்விடும். அடிச்சுரத்தைக் கேட்கப் பழகும் வகுப்பில் சாளரத்துக்குக் கீழே பேருந்துகளின் ஹோர்ன் ஒலி ஓயாது. சாளரத்தை மூடினால் அறையில் மூச்சு முட்டும். கொடுக்கப்படும் அச்சுத்தாள்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்பதில் செலவிடும் நேரத்தை வாசிப்பதில் செலவிட்டிருக்கலாம். மாஸ்டரின் அனுமதியுடன் முதல் ஆறு தாள்களை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எஞ்சியவற்றையும் முடித்துத் தருவேன். இரண்டு சனிக்கிழமைகளில் முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பு நடக்கவில்லை. பொகவந்தலாவையிலிருந்து பேருந்தில் வந்த பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். அந்த இரண்டு நாட்களுக்கான கட்டணம் அடுத்த மாதத்தில் கழிக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாதக் கட்டணமாக நான் செலுத்தியது 3,000 ரூபாய்.

கிட்டார் இல்லாதவர்களுக்கு அறையில் நான்கு கிட்டார்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டில் தந்திகள் விரற்பலகையிலிருந்து மிகவும் உயர்ந்து நிற்கின்றன. அவற்றில் டி/எஃப் ஷார்ப் பழகுவது பெரியவர்களுக்கே தண்டனை. சொந்தமாக வாங்குபவர்கள் 0.010 அங்குல முதல் தந்தியுடன் வரும் மெல்லிய தொகுதியைப் போட்டுக்கொண்டால் விரலுக்கு ஆறுதலாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் ஊர் இது. ஈரப்பதத்தில் எஃகுத் தந்திகள் துருப்பிடித்து, தடித்த தந்திகளின் சுற்றுக்கம்பிக்குள் அழுக்கு சேர்ந்தால் முதலில் மங்குவது நாம் தேடிப் படிக்கும் அந்த அடிச்சுரம்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியாகத் துடைத்து வைக்குமாறு மாஸ்டர் ஒவ்வொரு வாரமும் நினைவூட்டினார். நான் அதைக் கடைப்பிடித்த பிறகு தந்திகள் முன்பைவிட நீண்ட நாட்கள் உழைக்கின்றன.

வாரப் பாடத்தின் ஒலிப்பதிவு வட்ஸ்அப்பில் வருகிறது. இது பெரிய உதவி. ஆனால் கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் 100 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அப்படிக் கேட்டால் ஜிக்கும் ஜி/பிக்கும் வேறுபாடே இல்லாதது போலத் தோன்றும். மூன்று ஆண்டுகள் காணொளிகளிலிருந்து படித்தும் இந்த வேறுபாட்டை நான் கவனிக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நம்புகிறேன். காதில் செருகும் இயர்போனுடன் கேட்க வேண்டும் என்று முதல் நாளிலேயே எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

சி, ஜி, டி, ஏ மைனர், ஈ மைனர் ஆகிய ஐந்தையும் தாளம் தவறாமல் மாற்றத் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். அதுகூடத் தெரியாதவர்கள் மூன்று மாதங்கள் வேறெங்காவது பழகிவிட்டு வருவதே நன்று. இங்கு அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. பேஸ் கிட்டாரோ கீபோர்டோ உடன் வாசிக்கும் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் அவ்வளவு அவசரமானதன்று. அங்கே கோட்டுக்குப் பின்னால் இருக்கும் சுரத்தை பேஸோ கீபோர்டோ வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். கிட்டார் வாசிப்பவர் மெல்லிய தந்திகளில் கோர்ட்டை மட்டும் வாசித்தால் போதும். தனியாக ஒரே கிட்டாருடன் ஒரு குழுவைப் பாடவைப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் ஆலயத்தில் கீபோர்ட் இல்லை. இப்போது நன்றிப்பாட்டின் இரண்டாம் வரியில் அடிச்சுரம் படியிறங்கும்போது, தாழ்ந்த குரலில் பாடும் இரண்டு முதியவர்கள் தாமாகவே அதைப் பின்தொடர்ந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாடசாலை விடுமுறைக்குப் பிறகு அடுத்த தொகுதி தொடங்கும் என்று மாஸ்டர் கூறியிருக்கிறார். பதினான்கு பேருக்குப் பதிலாக எட்டுப் பேரை மட்டும் சேர்க்குமாறும், முழு எஃப் கோர்ட்டுக்கு இரண்டு வாரங்களை ஒதுக்குமாறும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதற்கு இணங்குவாரானால் நானும் மீண்டும் சேர்ந்து, அந்தக் கடைசிப் படியைக் கற்றுக்கொள்வேன்.